வெனிஸுக்கு முதல்முறை செல்வோருக்கு: விசா விண்ணப்பம் முதல் புறப்படும் படகு வரை

நள்ளிரவுக்குச் சற்று முன்பு, என் மனைவியையும் அறுபத்தெட்டு வயதான அம்மாவையும் இரண்டு பெரிய பெட்டிகளுடன் ஒரு கல்பாலத்தின் அடியில் நிற்கவைத்துவிட்டு, விடுதியைத் தேடிச் சந்து சந்தாக நான் அலைந்ததுதான் வெனிஸில் எங்களுடைய முதல் இரவு. விடுதி அந்தப் பாலத்தின் மறுபக்கத்தில், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அதற்கு முன்பே விசாவில் ஒரு தவறும், ரயிலில் ஒரு தவறும், படகுச் சீட்டில் ஒரு தவறும் செய்து முடித்திருந்தோம். அவை அனைத்தும் முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. தமிழ்நாட்டிலிருந்து சொந்தமாகத் திட்டமிட்டுச் செல்ல விரும்புபவர்களுக்காக, நடைமுறைகளை அவை வரும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், பணம் செலுத்துவதற்கு முன் அந்தந்த அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பயணச்சீட்டுக்கு முன் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெனிஸின் செலவைத் தீர்மானிப்பது விமானக் கட்டணத்தைவிட விடுதிக் கட்டணம்தான்; விடுதிக் கட்டணத்தைத் தீர்மானிப்பது மாதம். பிப்ரவரியை ஒட்டி வரும் முகமூடித் திருவிழா நாட்களிலும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வார இறுதிகளிலும் அதே அறை இரண்டு மடங்குக்கு மேல் விலை ஏறுவதைப் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் கொசுவும் நம் ஊரை நினைவூட்டும். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல்நீர் தெருவுக்குள் ஏறும் வாய்ப்பு அதிகம். ஏப்ரல் தொடக்கமும் செப்டம்பர் பிற்பகுதியும் வயதானவர்களை அழைத்துச் செல்வதற்கு ஏற்றவை என்பது என் கருத்து. வாரத்தின் நடுப்பகுதியில், செவ்வாய் முதல் வியாழன் வரை செல்லும்படி திட்டமிட்டால் கூட்டமும் குறையும்; பகலில் மட்டும் வந்து திரும்புவதாக இருந்தால், நான்காவது பகுதியில் சொல்லப்போகும் நகர நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் மிச்சமாகும்.

2. ஷெங்கன் விசா: ஆவணங்களும் காலமும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு 6 மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தபட்சம் 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாட்கள் என்று சொல்லப்பட்டாலும், கூடுதல் ஆவணம் கேட்கப்பட்டால் 45 நாட்கள் வரை நீளலாம். உண்மையான தடை பரிசீலனையில் இல்லை. விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதில்தான் இருக்கிறது. கோடை விடுமுறைக்குச் செல்வதாக இருந்தால் மூன்று மாதங்களுக்கு முன்பே நேரம் பதிவு செய்துவிடுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் நான் முதல் தவறைச் செய்தேன். விமானம் முதலில் இறங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு முகவர் சொன்னதை நம்பி நேரம் பதிவு செய்து, அங்கே போன பிறகு திருப்பி அனுப்பப்பட்டேன். விதி இதுதான்: நீங்கள் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு நாடுகளில் சம நாட்கள் தங்கினால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். வெனிஸ், புளோரன்ஸ், ரோம் என்று பயணம் அமைந்தால் இத்தாலிக்கே விண்ணப்பிப்பீர்கள்.

தேவையான ஆவணங்கள் பின்வருமாறு. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் 3 மாதங்கள் செல்லுபடியாவதாகவும், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் அண்மையில் எடுத்த புகைப்படங்கள் வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும், ஷெங்கன் பகுதி முழுவதும் செல்லுபடியாகும் பயணக் காப்பீடு வேண்டும். போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு நகல்கள், பணியில் இருப்பவர்களுக்கு விடுப்பை உறுதிசெய்யும் அலுவலகக் கடிதம், நாள்வாரியான பயணத் திட்டத்துடன் ஒரு விளக்கக் கடிதம் ஆகியவையும் வேண்டும். ஓய்வுபெற்ற பெற்றோரை நீங்கள் அழைத்துச் செல்வதாக இருந்தால், அவர்களுடைய செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதமும், உறவை நிறுவும் சான்றும் சேர்த்து வையுங்கள்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறுஞ்செய்தி, தனி அறை, நகல் எடுத்தல் என்று மையத்தில் முன்வைக்கப்படும் கூடுதல் சேவைகள் எதுவும் கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளையே வைத்துக்கொள்ளுங்கள்.

விசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு திரும்பி வந்ததும் அங்கேயே நின்று மூன்றைச் சரிபாருங்கள்: பெயரின் எழுத்துகள், நுழைவுகளின் எண்ணிக்கை, தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை. விசா 25 நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்று இருந்தாலும், தங்க அனுமதி 10 நாட்கள் என்று இருந்தால் 10 நாட்கள்தான். இவை இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவது பரவலாக நடக்கும் தவறு.

விசாவுக்குக் கொடுத்த ஆவணங்களின் நகல்களைக் கைப்பையில் வைத்திருங்கள். வேறொரு ஐரோப்பிய நகரில் விமானம் மாறினால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். காப்பீடும் விடுதிச் சீட்டும் அடியிலிருக்கும் பெரிய பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை. ஐரோப்பிய எல்லையில் கடவுச்சீட்டு முத்திரைக்கு மாற்றாக 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கணினிப் பதிவு முறை அறிமுகமானதால், முதல்முறை நுழைபவர்களுக்கு வரிசை நீளலாம். இணைப்பு விமானத்துக்கு ஒன்றரை மணி நேர இடைவெளி வைத்து முன்பதிவு செய்யாதீர்கள்; மூன்று மணி நேரம் இருக்கட்டும்.

3. தங்குமிடம்: தீவுக்குள்ளா, மெஸ்த்ரேயிலா?

வெனிஸ் என்ற பெயரில் விடுதித் தளங்கள் காட்டும் மலிவான அறைகளில் பல மெஸ்த்ரேயில் இருப்பவை. அது நிலப்பரப்பில் உள்ள சாதாரண ஊர். நீங்கள் படங்களில் பார்த்த வெனிஸ் கடற்கழிக்குள் இருக்கும் தீவு. இரண்டுக்கும் இடையே ரயிலில் 10 முதல் 12 நிமிடங்கள். கட்டணம் ஒன்றரை யூரோ அளவில் இருக்கும். வண்டிகள் அடிக்கடி உண்டு. பெட்டிகளைப் பாலம் பாலமாகத் தூக்க வேண்டாம் என்பதும், அறை விலை குறைவு என்பதும் மெஸ்த்ரேயின் பக்கம் உள்ள நியாயங்கள். ஆயினும் பகல்நேரக் கூட்டம் கலைந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேலும் காலை எட்டு மணிக்கு முன்பும்தான் அந்த நகரம் அதன் அழகுடன் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் நீங்கள் ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருப்பீர்கள் என்றால் மிச்சம் பிடித்த பணத்துக்குப் பொருளில்லை. மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் தங்குபவர்கள் ஓர் இரவையாவது தீவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்குள் அறை எடுக்கும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். மிக அருகிலுள்ள படகு நிறுத்தத்தின் பெயர் என்ன? அங்கிருந்து விடுதிக்கு வர எத்தனை பாலங்கள் ஏற வேண்டும்? மின்தூக்கி உண்டா? பழைய கட்டடங்களில் மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி அறை சாதாரணம். என் அம்மா தினமும் 58 படிகள் ஏறினார். நான்கு நாட்களுக்கும் சேர்த்து எனக்கு வசவு கிடைத்தது.

அறை வாடகைக்கு மேல், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சியின் தங்கல் வரி ஒன்று உண்டு. விடுதியின் தரத்துக்கேற்ப அது மாறும்; அதிகபட்சம் 5 யூரோ; தொடர்ச்சியாக ஐந்து இரவுகள் வரைதான் வசூலிக்கப்படும். இணையத்தில் நீங்கள் செலுத்திய தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சில இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள் என்பதால் சில்லறை யூரோக்களை வைத்திருங்கள்.

4. நகர நுழைவுக் கட்டணம்: செலுத்த வேண்டாதவர்களும் பதிவு செய்ய வேண்டும்

பகலில் வந்து பகலிலேயே திரும்பும் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நகராட்சி, குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. 2025இல் ஏப்ரல் 18க்கும் ஜூலை 27க்கும் இடையே 54 நாட்கள் இதற்கென அறிவிக்கப்பட்டன. பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை தீவுக்குள் நுழைபவர்களுக்கு இது பொருந்தும். நான்கு நாட்களுக்கு முன்பே செலுத்தினால் 5 யூரோ, அதற்குப் பிறகு என்றால் 10 யூரோ. எந்தெந்த நாட்கள் என்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வெளியிடப்படுகிறது.

இதில் பலர் சறுக்கும் இடம் விலக்கு. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்கள், மெஸ்த்ரேயில் தங்குபவர்கள் உட்பட, கட்டணம் செலுத்த வேண்டியதில்லை; ஆனால் நகராட்சியின் தளத்தில் விலக்குக்குப் பதிவு செய்து கியூஆர் குறியீட்டைப் பெற்று வைத்திருக்க வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ரயில் நிலையத்தருகே நடக்கும் சோதனையில் குறியீடு இல்லாமல் மாட்டினால் அபராதம் 50 யூரோவில் தொடங்குகிறது. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் சில, இலவசமான விலக்குப் பதிவுக்கே சேவைக் கட்டணம் கேட்கின்றன. அவற்றில் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

5. வந்து சேர்வது: இரண்டு விமான நிலையங்கள், இரண்டு ரயில் நிலையங்கள்

மலிவு விமானங்கள் வெனிஸ் என்று குறிப்பிடும் விமான நிலையம் சில நேரங்களில் திரெவீசோ என்ற வேறொரு ஊரில் இருப்பது; அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நகரின் சொந்த விமான நிலையம் மார்க்கோ போலோ. சீட்டு எடுக்கும்போதே இதைப் பாருங்கள்.

மார்க்கோ போலோவிலிருந்து மூன்று வழிகள் உள்ளன. பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடங்களில் பியாட்சாலே ரோமாவில் இறங்கலாம். கட்டணம் 10 யூரோ. சக்கர வாகனங்கள் போகக்கூடிய கடைசி இடம் அதுதான். அதற்கு மேல் படகு அல்லது நடை. இரண்டாவது, அலிலகூனா என்ற விமான நிலையப் படகு. நீலம், ஆரஞ்சு என்று வண்ணத்தால் வழித்தடங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். நகரின் முதன்மைச் சதுக்கமான சான் மார்க்கோவுக்குச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகரப் படகுகளுக்கான நாள் சீட்டு இதில் செல்லாது. மூன்றாவது, தனி வாடகைப் படகு. கட்டணம் 100 யூரோவைத் தாண்டும். நான்கைந்து பேர் பெரிய பெட்டிகளுடன் இரவில் இறங்கினால் மட்டும் யோசிக்கலாம்.

ரயிலில் வருபவர்கள் கடைசி நிலையமான வெனிஸ் சாந்தா லுச்சியா வரை சீட்டு எடுக்க வேண்டும். வெனிஸ் மெஸ்த்ரே என்ற அறிவிப்பு வந்ததும் பாதி வண்டி எழுந்து நிற்கும். நாங்களும் எழுந்து இறங்கி, வண்டி போன பிறகுதான் தண்ணீர் எங்கே என்று தேடினோம். தாளில் அச்சிட்ட வட்டார ரயில் சீட்டு என்றால், ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். இல்லையெனில் சீட்டு இருந்தும் அபராதம்.

6. படகுச் சீட்டு: கணக்குப் போட்டு வாங்குங்கள்

வப்போரேத்தோ எனப்படும் நகரப் படகுதான் இங்கே மாநகரப் பேருந்து. ஒற்றைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடங்களுக்குச் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45, ஏழு நாட்கள் 65 யூரோ. ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே 24 மணி நேரச் சீட்டு லாபம். நேரம் நீங்கள் வாங்கியதிலிருந்து தொடங்காது, முதல்முறை கருவியில் காட்டியதிலிருந்து தொடங்கும். ஆகவே நண்பகலில் முதலில் பயன்படுத்தினால் மறுநாள் நண்பகல் வரை செல்லும். 6 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் 6 யூரோவுக்கு இளைஞர் அட்டை வாங்கினால் 72 மணி நேரச் சீட்டு வெகுவாகக் குறைகிறது. கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருந்தால் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொடுங்கள். 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

நாங்கள் செய்த தவறு இதில்தான். சீட்டு வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் கருவியில் காட்டாமலே ஏறிவிட்டோம். நேரச் சீட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மிதவை மேடையிலுள்ள கருவியில் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிய வேண்டும். பரிசோதகர் எங்களை மன்னித்தது அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்; அதை நம்பி நீங்கள் ஏற வேண்டாம்.

பெட்டியைப் பற்றியும் ஒரு விதி உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 150 சென்டிமீட்டருக்குள் வரும் ஒரு பெட்டி இலவசம். விமானங்கள் அனுமதிக்கும் மிகப் பெரிய பெட்டியின் கூட்டல் 158 சென்டிமீட்டர். புறப்படும் முன் வீட்டிலேயே அளந்துபாருங்கள். முடிந்தால் ஆளுக்கொரு சிறிய பெட்டியாகப் பிரித்துவிடுங்கள். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊரில் பெட்டியின் சக்கரத்தைவிட அதன் எடைதான் முக்கியம்.

பெருங்கால்வாய் முழுவதையும் பார்க்க 1ஆம் எண் படகு போதும். பியாட்சாலே ரோமாவிலிருந்து சான் மார்க்கோ வரை எல்லா நிறுத்தங்களிலும் நின்று முக்கால் மணி நேரத்தில் செல்லும். பலரும் பெரும் தொகை கொடுத்துச் செல்லும் சுற்றுலாப் படகு காட்டுவதும் அதே மாளிகைகளைத்தான். காலை ஏழரை மணிக்கு முன்போ, இரவு விளக்குகள் எரியும்போதோ ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். 4.1, 4.2 என்றும் 5.1, 5.2 என்றும் எழுதப்பட்டவை ஒரே வட்டத்தை எதிரெதிர்த் திசைகளில் சுற்றுபவை; புள்ளிக்குப் பின் உள்ள எண்ணைப் பார்க்காமல் ஏறினால் ஐந்து நிமிடத்தில் போகவேண்டிய இடத்துக்கு ஊரையே சுற்றி வருவீர்கள்.

7. முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கன்னரேஜோ, கஸ்தெல்லோ, சான் மார்க்கோ, தோர்சோதூரோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே என்று நகரம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஆயிரக்கணக்கில் செல்கின்றன. பகுதியின் பெயரும் நான்கு இலக்க எண்ணும் மட்டும் உள்ள முகவரியை வைத்துக்கொண்டு யாராலும் உங்களுக்கு வழி சொல்ல முடியாது. தெருவின் பெயரையும் படகு நிறுத்தத்தின் பெயரையும் விடுதியிடம் கேட்டுத் தாளில் எழுதி வையுங்கள். குறுகிய சந்துகளில் ஜிபிஎஸ் புள்ளி தாவித் தாவி ஓடும். கால்வாயின் அக்கரையில் நீங்கள் நிற்பதாகக் காட்டும். எங்களுக்கு அன்றிரவு நடந்தது இதுதான். சுவர்களில் ரியால்தோ (பெருங்கால்வாயின் பழைய பாலமும் சந்தையும் உள்ள இடம்), சான் மார்க்கோ, ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு மஞ்சள் பலகைகளில் அம்புக்குறி இருக்கும். தொலைந்துவிட்டால் அவற்றைப் பின்பற்றி ஏதாவது ஒரு பெரிய இடத்துக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் தொடங்குவதே விரைவான வழி.

8. சான் மார்க்கோ: எதற்கு முன்பதிவு, எதற்கு வேண்டாம்

இந்தச் சதுக்கத்திலுள்ள தேவாலயத்துக்கும், பழைய வெனிஸ் குடியரசின் ஆட்சித் தலைவர் மாளிகைக்கும் இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள்; இல்லையென்றால் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க நேரும். மாளிகைச் சீட்டை 30 நாட்களுக்கு முன்பே எடுத்தால் 5 யூரோ குறைகிறது. அந்தச் சீட்டிலேயே சதுக்கத்தின் எதிர்முனையிலுள்ள கொர்ரேர் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாமல் சீட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. அம்மாவின் சேலைக்கு எந்தத் தடையும் வரவில்லை. எங்களுக்கு முன்னால் அரைக்காற்சட்டையில் நின்றவர்தான் திருப்பி அனுப்பப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டு நேரம். சுற்றுலாப் பயணிகளுக்குப் பிற்பகலில்தான் அனுமதி. பொன் பீடத் திரையைப் பார்க்கத் தனிச் சீட்டு வேண்டும். இங்கே பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்க எல்லோரும் சதுக்கத்தின் மணிக்கோபுரத்துக்கு வரிசை கட்டுவார்கள். நான் சிபாரிசு செய்வது எதிரே தெரியும் சான் ஜோர்ஜோ தீவின் கோபுரத்தை. சான் சக்கரீயா நிறுத்தத்திலிருந்து 2ஆம் எண் படகில் சில நிமிடங்கள். அங்கேயும் மின்தூக்கி உண்டு. கூட்டம் மிகக் குறைவு. சதுக்கத்தின் கோபுரத்தில் நின்றால் தெரியாத அந்தக் கோபுரமே இங்கிருந்து காட்சிக்குள் வந்துவிடும்.

ரியால்தோ மீன் சந்தையைப் பார்க்க விரும்பினால் செவ்வாய் முதல் சனி வரை, காலையில் செல்லுங்கள். ஞாயிறும் திங்களும் வெறும் தூண்கள்தான் இருக்கும்.

9. தீவுகளுக்கு ஒரு நாள்

நேரச் சீட்டு கையில் இருக்கும் நாளில் தீவுகளை வைத்துக்கொள்ளுங்கள், கூடுதல் செலவில்லை. ஃபொந்தாமெந்தே நோவே நிறுத்தத்திலிருந்து 12ஆம் எண் படகு முரானோ வழியாகப் புரானோவுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் செல்லும். முதலில் தொலைவிலுள்ள புரானோவுக்குக் காலையிலேயே போய்விட்டு, அருகிலுள்ள தோர்ச்செல்லோவைப் பார்த்து, திரும்பும் வழியில் முரானோவில் இறங்குங்கள். எல்லோரும் எதிர்வரிசையில் வருவதால் உங்களுக்கு இடம் கிடைக்கும். புரானோவின் வண்ண வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறந்து, அவர்களுடைய வாசற்படியில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

முரானோ கண்ணாடித் தொழிற்கூடத்துக்கு இலவசப் படகு என்று விடுதியிலோ சதுக்கத்திலோ யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். பட்டறையைப் பத்து நிமிடம் காட்டிவிட்டு, விற்பனைக் கூடத்தில் ஒரு மணி நேரம் நிற்கவைப்பார்கள். வாங்காமல் வெளியேறினால் திரும்பும் படகு இலவசமாக இருக்காது. லீதோ தீவில் கடற்கரை இருக்கிறது. ஆனால் மெரினாவைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

10. கொண்டோலா

கொண்டோலா எனப்படும் துடுப்புப் படகுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடங்களுக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பிறகு 35 நிமிடங்களுக்கு 110 யூரோ. இது படகுக்கான கட்டணம். ஐந்து பேர் வரை உட்காரலாம். ஏறும் முன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பாட்டுக்குத் தனிக் காசு. அனுபவம் மட்டும் போதும் என்பவர்கள் திரகெத்தோ என்ற கடத்துப் படகில் 2 யூரோவுக்குப் பெருங்கால்வாயைக் கடக்கலாம். இரண்டு நிமிடப் பயணம். படகு அதே வகை.

11. தண்ணீர் ஏறும் நாட்களில்

கடல் மட்டம் 110 சென்டிமீட்டரை எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், கடற்கழியின் வாயில்களில் உள்ள 78 தடுப்புக் கதவுகள் எழுப்பப்படுகின்றன. 2020 அக்டோபர் முதல் இந்த ஏற்பாடு இயங்குகிறது. ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வானது என்பதால் அதற்குக் கீழான ஏற்றத்திலேயே அங்கே நீர் தேங்கும். மரப்பலகை நடைமேடைகள் போடுவார்கள். தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நகராட்சியின் ஓத அறிவிப்பை முந்தைய இரவே பார்த்து, சதுக்கத்துக்குச் செல்லும் நேரத்தைத் தள்ளிவையுங்கள். படகுகள் பாலத்துக்கடியில் நுழைய முடியாமல் வழித்தடம் மாற்றப்படலாம் என்பதால், அத்தகைய நாளில் விமானம் இருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

12. சாப்பாடு, பணம், அபராதம்

உணவகங்களில் விலைப்பட்டியலின் அடியில் கோப்பெர்த்தோ என்று சிறிய எழுத்தில் இருப்பது ஆளுக்கு இவ்வளவு என்ற இருக்கைக் கட்டணம். அது ஏமாற்று அல்ல, சட்டப்படியானது. உண்மையான பொறி மீன். பட்டியலில் உள்ள விலை ஒரு தட்டுக்கா, எத்தோ எனப்படும் 100 கிராமுக்கா என்று கேளுங்கள். முழு மீன் அரைக் கிலோவைத் தாண்டினால் நீங்கள் பார்த்த விலையைப்போல ஐந்தாறு மடங்கு வரும். சதுக்கத்தின் காபிக் கடைகளில் இசைக்குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. அதே காபியை முகப்பில் நின்று குடித்தால் மிகக் குறைவு. சைவ உணவுக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். 'சென்சா கார்னே, சென்சா பேஷே' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் உள்ளன, புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். பொதுக் கழிப்பறைக்கு ஒன்றரை யூரோ என்பதால், உணவகத்தில் எழும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. அட்டையில் செலுத்தும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கருவி கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள். நம் ஊர் மூன்று முனைச் செருகிகள் அங்குள்ள துளைகளில் பொருந்தாது. இரட்டை வட்ட முனை கொண்ட செருகி மாற்றி (அடாப்டர்) ஒன்றை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள்.

சதுக்கத்தின் படிகளில் அமர்ந்து சாப்பிடுவது, புறாக்களுக்குத் தீனி போடுவது, கால்வாயில் இறங்குவது ஆகிய அனைத்துக்கும் அபராதம் உண்டு. தெருவில் விரித்து விற்கும் போலி நிறுவனப் பைகளை வாங்கினால், விற்றவரோடு வாங்கியவருக்கும் அபராதம்.

13. புறப்படும் நாள்

அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை விடுதியிலேயே வைக்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் ரயில் நிலையத்திலும் பியாட்சாலே ரோமாவிலும் கட்டணப் பாதுகாப்பு அறைகள் உள்ளன. ரயில் நிலையத்துக்கும் பியாட்சாலே ரோமாவுக்கும் இடையே உள்ள புதிய பாலத்தின் படிகள் மழையில் வழுக்கும். வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரித் திரும்பப்பெறும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில், பொருளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடும் முன் காட்டுங்கள்.

அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை மெஸ்த்ரேக்கோ பியாட்சாலே ரோமாவை ஒட்டிய விடுதிக்கோ மாற்றிவிடுங்கள். இரவில் ஓடும் படகுகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். எங்கள் விமானம் காலை 6.40க்கு. மூன்றரை மணிக்கு எழுந்து, ஐந்து பாலங்களைப் பெட்டியுடன் ஏறி இறங்கித்தான் பேருந்தைப் பிடித்தோம்.